ஒன்றாம் கயிறு

டல்கிளீஷ் சமையலறை மேஜையில் சீட்டுகளைப் பரப்பத் தொடங்கியதும் ரோனா எழுந்து போய்க் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டாள். இரண்டு நிமிஷத்துக்கு முன்புதான் அது கொதித்து அணைந்திருந்தது.

"பெட்டியைக் குழியில இறக்க மொத்தம் எட்டுக் கயிறு," என்றார் டல்கிளீஷ். ஈமக் காரியம் நடத்துகிறவருக்கு என்றே அமைந்த குரல் அவருக்கு. வெயில் அடிக்கிறது என்று சொன்னால்கூடத் துக்கம் விசாரிப்பது போல இருக்கும். "ஒண்ணாம் நம்பர் தலைமாட்டுல. ரெண்டாம் நம்பர் கால்மாட்டுல. மத்த ஆறும் பக்கத்துக்கு மூணா வரும். யார் யாருன்னு சொன்னீங்கன்னா பேர் எழுதிடுவேன்."

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெட்டியின் படமும் அதைச் சுற்றி எட்டு எண்களும் அச்சடித்திருந்தன. அந்த ஊரில் துக்கத்துக்கு வருகிறவர்கள் அழுதவர் யார் என்று பார்ப்பதில்லை. யார் கையில் எந்தக் கயிறு என்று பார்ப்பார்கள்; நெருங்கின உறவுக்குத்தான் சின்ன எண். மூன்றாம் கயிறு வரவேண்டிய இடத்தில் ஐந்தாம் கயிறு வந்ததற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் துறைமுகத் தெருவிலேயே உண்டு. இருவருக்கும் ஒரே படகில் வேலை.

"ஒண்ணு அம்மா," என்றான் ஃபெர்கஸ். யோசிக்கவேயில்லை.

"நீ பிடிடா," என்றாள் ரோனா, கெட்டிலைப் பார்த்தபடி. "ஆம்பளைப் பிள்ளை நீ இருக்கே. எனக்கு ரெண்டு போதும். இல்லைன்னா அதுகூட வேண்டாம்."

மூலையில், இறந்துபோன புருஷன் மர்டோவின் நாற்காலியில், அவருடைய அண்ணன் வாட்டி உட்கார்ந்திருந்தார். அபர்டீனிலிருந்து நேற்று வந்தவர், வந்ததிலிருந்து எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருந்தார். "அவ சொல்றதும் சரிதானே. எங்கப்பா போனப்ப எங்கம்மா கல்லறைப் பக்கமே வரலை. பொம்பளைங்க வீட்ல இருந்து டீ போட்டு வைப்பாங்க. கயிறெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்."

வேறு நாளாக இருந்தால் ரோனா அந்த வாயை அங்கேயே அடைத்திருப்பாள். இன்று அவர் பேச்சு அவளுக்கு வசதியாக இருந்தது. "பெரியவர் சொல்றாரே, கேளு," என்றாள்.

"பெரியப்பா, ரெண்டு வருஷமா அப்பாவைத் தூக்கி உக்கார வச்சது யாரு?" என்றான் ஃபெர்கஸ். "நீங்களா, நானா? கிறிஸ்துமஸுக்கு வந்து கேக் தின்னுட்டுப் போனோம் ரெண்டு பேரும். ஒண்ணு அம்மாதான். எழுதுங்க சார்."

வாட்டி தன் டீக்குள் எதையோ தேடத் தொடங்கினார். டல்கிளீஷ் எழுதினார். சீட்டை இரண்டு விரலால் தள்ளி ரோனா பக்கம் நகர்த்தினார். அவள் அதைக் கவிழ்த்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

"இன்னொண்ணு," என்றார் டல்கிளீஷ், எழுந்துகொண்டே. "நீங்க குடுத்த துணிமணி எல்லாம் சரியா இருந்துது. சாம்பல் கலர் கால்சட்டைக்கு இடுப்புல ஒரு பின் போட வேண்டியதாப் போச்சு. ரொம்ப இளைச்சிட்டார்."

"அதுதான் அவரோட நல்ல கால்சட்டை," என்றாள் ரோனா.

ஒரு வாரமாக ஊரே அவளைத் தேற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே மாதிரிதான் தேற்றினார்கள். ரொட்டிக் கடைக்காரி சொன்னாள், பாதிரியார் சொன்னார், தினமும் வந்து போன நர்ஸ் சொன்னாள்: உனக்கு எப்படித் தெரியும் ரோனா, போன் கையில் இருந்திருந்தால் நீ பறந்து வந்திருக்க மாட்டாயா, உன்மேல் என்ன தப்பு. அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். போனைக் காரிலேயே வைத்துவிட்டுத்தான் கோல்ஃப் மைதானத்துக்குள் போகவேண்டும் என்று அங்கே ஒரு கட்டுப்பாடு, ஆட்டம் முடிந்து வந்துதான் பார்த்தேன் என்று அவள்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தாள். அப்படி ஒரு கட்டுப்பாடு உள்ள கிளப்புகள் இருக்கத்தான் இருக்கின்றன. அவள் ஆடிய இடத்தில் கிடையாது.

அவளும் செங்காவும் எல்ஸ்பெத்தும் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து சிநேகிதிகள். ஒவ்வொரு மே மாதமும் மூன்று பேரும் காரில் மட்டைகளைத் திணித்துக்கொண்டு வடக்கே போவார்கள். மூன்று நாள், மூன்று மைதானம், எல்லாம் பாட்டன் பூட்டன் காலத்துக் கடற்கரை மைதானங்கள். மர்டோ படுத்த பிறகு இரண்டு வருஷம் ரோனா போகவில்லை. இந்த வருஷம் போயே ஆகவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார்.

"போ," என்றார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. "ஃபெர்கஸ் லீவு போட்டுட்டு வர்றான். மூணு நாள் உன் மூஞ்சியைப் பாக்காம நான் நிம்மதியாக் கிடக்கறேன்."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"ரெண்டு வருஷமா அதையே பாத்துட்டிருக்கேன்ல. ஒரு மாறுதல் வேண்டாமா?"

அவள் போனாள். வேண்டா வெறுப்பாகப் போனாள் என்று சொன்னால் அதுவும் பொய். இன்வர்னெஸ் பாலம் தாண்டியதும் கார் ஜன்னலை இறக்கினாள். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு வருஷமாகத் தன் மூக்கில் மருந்து வாடை மட்டுமே இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று சாயங்காலம் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வயிறு முட்டத் தின்றாள். செங்கா சொன்ன ஒரு கதைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். படுக்கையில் விழுந்ததும் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். காலையில் எழுந்ததும் மர்டோவின் நினைவு வரவில்லை. பல் தேய்த்து முடித்த பிறகுதான் வந்தது.

இரண்டாம் நாள் ஆடிய மைதானம் அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான வாரம் அவளும் மர்டோவும் ஆடிய இடம் அது. இன்றும் அங்கே ஆடுகள் மேய்கின்றன. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, அதாவது கிரீனுக்கு, உள்ளே அவை வராமல் சுற்றிலும் ஒரு கம்பி. அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அந்த முறை இருவருக்கும் ஒரே பந்து, அவர் ஒரு அடி அவள் ஒரு அடி என்று மாற்றி மாற்றி. ஐந்தாவது குழியில் ரோனா பந்தைக் கடலுக்கு அனுப்பிவிட்டு "ஸாரி" என்றாள். மர்டோ மட்டையைக் கீழே வைத்தார். "இந்த ஆட்டத்துல ஜோடிகிட்ட ஸாரி சொல்லக்கூடாது. யார் கெடுத்தாலும் பந்து ரெண்டு பேருதும்தான். நீ ஒரு தடவை ஸாரி சொன்னா நான் பத்துத் தடவை சொல்லணும், அப்புறம் எங்கே ஆடறது?" ஜோடியாக ஆடுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மர்டோ அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். கருகிப்போன ரொட்டிக்கும், மறந்துபோன பிறந்தநாளுக்கும், இருவரும் கத்திக்கொண்ட இரவுகளுக்கும் அந்த வீட்டில் யாரும் ஸாரி சொன்னதில்லை. டீ போட்டுக் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ரோனா ஆடிவிட்டு வந்தால், மர்டோ எந்தப் படகு எஞ்சினுக்கு அடியில் கிடந்தாலும் தலையை வெளியே நீட்டாமலே கேட்பார்: "எத்தனை?" எண்பத்தாறு என்பாள், எண்பத்து மூன்று என்பாள். பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து அடித்த அடிகளின் கணக்கு அது, குறையக் குறைய நல்லது. ஒரு தடவை சரியாக எண்பது. "எண்பதுக்குக் கீழ நீ வா, பாக்கலாம்," என்பார். "வந்தியானா என்னோட நல்ல கால்சட்டையைப் போட்டுக்கிட்டு நான் துறைமுகத்துத் தண்ணியில இறங்கறேன். ஊர் கூடி நின்னு பாக்கட்டும்." முப்பது வருஷமாக அந்தச் சாம்பல் நிறக் கால்சட்டைக்கு ஆபத்து வரவில்லை.

அன்று வரும் போலிருந்தது. காற்று அவள் பக்கம். போட்டதெல்லாம் விழுந்தது. பதினாலாவது குழியில் நின்றபோது இனி வரும் ஐந்தையும் சாதாரணமாக ஆடினாலே எண்பதுக்குக் கீழே வந்துவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. எல்ஸ்பெத்துக்கும் தெரிந்தது, சொன்னால் கெட்டுவிடும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. செங்கா மணல்குழிக்குள் இறங்கித் தன் பந்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ஃபெர்கஸ்.

மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்பான் என்று முதலில் நினைத்தாள். அதுதான் அவள் நினைக்க விரும்பியது. ஆனால் ஃபெர்கஸ் மாத்திரைக்காகக் கூப்பிடுகிற பையன் இல்லை. அது அவளுக்கு அந்தக் கணமே தெரியும். போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. இன்னும் ஐந்து குழி, ஒரு மணி நேரம், அது எனக்கு இருக்கட்டும் என்று ரோனா நினைத்தாள். இந்த வார்த்தைகளிலேயே நினைத்தாள். பிறகு எத்தனை முறை மாற்றிச் சொல்லிப் பார்த்தாலும் வார்த்தைகள் மாறவில்லை. சத்தத்தை அணைத்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். எல்ஸ்பெத் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள்.

அந்தப் பழைய மைதானங்கள் கடலோரமாகவே நீளமாகப் போய், அதே வழியில் திரும்பி வரும். பாதியில் விட்டுவிட்டு வருவதென்றாலும் ஆடிக்கொண்டு வருகிற அதே புல்வெளியில்தான் நடந்து வரவேண்டும். குறுக்கு வழி கிடையாது. இதை ரோனா ஒரு வாரமாகத் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். ஒத்து வரவில்லை. போனைக் காதில் வைக்க யாரும் எங்கேயும் நடக்கத் தேவையில்லை.

டல்கிளீஷ் போன பிறகு செங்காவும் எல்ஸ்பெத்தும் வந்தார்கள். செங்கா கையில் மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட ஒரு பெரிய தட்டு, அடுப்பிலிருந்து நேராக எடுத்துவந்தது, துண்டு சுற்றியிருந்தது. எல்ஸ்பெத் சாண்ட்விச்சுகளும் சாஸேஜ் ரோலும் கொண்டுவந்திருந்தாள். ஃபெர்கஸ் மேஜையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

செங்கா நல்லவள். அவள் வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. துக்க வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் யாரையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று தவிப்பாள். அவள் அம்மா சாவிலும் அப்படித்தான், பாதிரியாரையே சிரிக்க வைத்தாள்.

"நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும் ஃபெர்கஸ்," என்றாள், தட்டை அடுப்புக்குள் சூடாக வைத்துக்கொண்டே. "உங்கப்பா மேலேருந்து பாத்திருப்பார்டா அன்னிக்கு. கடைசி அஞ்சு குழி உங்கம்மா ஆடினா பாரு, நான் நாப்பது வருஷமாப் பாக்கறேன், அப்படி ஆடிப் பாத்ததில்லை. கடைசி கிரீன்ல அத்தனை தூரத்துலேருந்து உருட்டிவிட்டா, நேரா உள்ளே. ஜன்னல்கிட்ட பீர் குடிச்சிட்டிருந்தவங்கள்லாம் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நான்கூடச் சொன்னேன், அடியே, போன் வந்தப்பவே நீ நிறுத்தியிருந்தா இது..."

எல்ஸ்பெத் அவள் காலை மிதித்தாள். செங்கா நிறுத்தினாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஃபெர்கஸ் கையிலிருந்த ரொட்டிக்கு ஓரம் வரை வெண்ணெய் தடவி முடித்தான். இன்னொன்றின்மேல் அதைக் கவிழ்த்தான். "நாற்காலி பத்தாது," என்றான். "கராஜ்ல மடக்கு நாற்காலி இருக்கு. எடுத்துட்டு வர்றேன்."

பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ரோனா, நான் ஒரு பன்னி," என்றாள் செங்கா. கண் நிறைந்துவிட்டது.

"நீ உள்ளதைத்தானே சொன்னே," என்றாள் ரோனா. அடுப்பை அணைத்துவிட்டு மகன் பின்னால் போனாள்.

கராஜில் மர்டோவின் வேலை மேஜை அப்படியே இருந்தது. பிரித்துப் போட்ட ஒரு படகு பம்ப், எண்ணெய்த் துணி, சுவரில் ஸ்பானர்கள். மூலையில் அவளுடைய கோல்ஃப் பை, எல்ஸ்பெத் அன்று சாயங்காலம் காரிலிருந்து இறக்கி வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. சக்கரத்தில் ஒட்டிய புல் காய்ந்திருந்தது. ஃபெர்கஸ் நாற்காலிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

"போன் கார்ல இல்லை," என்றாள் ரோனா.

"ம்."

"பையிலதான் இருந்துது. எடுத்துப் பாத்தேன். உன் பேரைப் பாத்தேன். பாத்துட்டு உள்ளே வச்சிட்டேன்."

"தெரியும்மா."

"இப்ப செங்கா சொல்லித் தெரியும்."

"இல்லை. அன்னிக்கே தெரியும். அப்பா சொன்னார்."

ரோனா வேலை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஃபெர்கஸ் அவளுக்கு ஒரு நாற்காலியை விரித்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. அவனே உட்கார்ந்தான்.

"நர்ஸ் போனதும் மூச்சு மாறிடுச்சு. எனக்குப் புரிஞ்சுது. அம்மாவைக் கூப்பிடவான்னு கேட்டேன். மணி என்னன்னு கேட்டார். சொன்னேன். 'அப்ப பன்னெண்டாவது தாண்டியிருப்பா'ன்னார். பினாத்தறார்னு நினைச்சேன். இல்லை. நீ எங்கே இருக்கேன்னு கணக்குப் போட்டுட்டிருக்கார். 'பதிமூணுல ஓடை இருக்கு, இடது பக்கம் அடிக்கணும். அவ வலது பக்கம்தான் அடிப்பா, சொன்னா கேக்கமாட்டா'ன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல மூச்சு வாங்குது. சும்மா இருங்கப்பான்னு சொன்னேன். கேக்கலை."

ரோனா அன்று பதிமூன்றில் வலது பக்கம்தான் அடித்திருந்தாள்.

"அப்புறம் நான் கூப்பிட்டேன். அவர் காதுகிட்ட போனை வச்சேன், நீ எடுத்தா உடனே கேக்கட்டும்னு. அடிச்சுட்டே இருந்துது. மூணு தடவை அடிச்சேன். மூணாவது தடவை கையைத் தூக்கி என் கையைத் தள்ளினார். 'விடுடா. எடுக்கமாட்டா. நல்லா ஆடிட்டிருக்கா'ன்னார்."

வெளியே கடற்காக்கைகள் கூரைமேல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"எப்படிச் சொன்னார்?" என்றாள் ரோனா.

"எப்படின்னா?"

"சிரிச்சுக்கிட்டே சொன்னாரா? இல்லை, கோவமா... மனசு விட்டுப்போயி..."

ஃபெர்கஸ் மடியில் ஒட்டிய தூசியைத் தட்டினான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், காலம் முழுக்க அதை வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பாள். அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"தெரியலைம்மா. முகத்துல மாஸ்க் இருந்துது."

அவள் தலையை ஆட்டினாள். "அப்புறம் எவ்வளவு நேரம் இருந்தார்?"

"அதைக் கேக்காதே."

"சொல்லு."

"ஒரு மணி நேரம் இருக்கும். கொஞ்சம் குறைச்சல்."

கடைசி கிரீனில் பந்து உருண்டு போய் விழுந்ததும் ஜன்னலில் அந்த ஆண்கள் எழுந்து கை தட்டியதும் அவளுக்குக் கண்ணுக்கு நேரே வந்தது. அவள் அப்போது தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினாள். கூத்தாடி மாதிரி, எல்லோரும் சிரிக்கும்படி. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நீ கார்ல இருந்துதுன்னு சொன்னே. உனக்கு அது வேணும்போல இருந்துது. சரின்னு விட்டுட்டேன்."

"கோவம் இல்லையா உனக்கு?"

"இருக்கு," என்றான். நாற்காலியிலிருந்து எழுந்து அதை மடக்கினான். கீல் சிக்கிக்கொண்டது. இன்னொரு தடவை அழுத்தினான். "நிறைய இருக்கு. எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியலை. அதுக்காக ஒண்ணாம் கயிறு வேற யாருதாவது ஆயிடுமா?"

நாலு நாற்காலிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கவாட்டாக நடந்து வெளியே போனான். ரோனா கராஜ் மூலைக்குப் போனாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமாவது ஒரு மாதிரி, அதற்குப் பதில் பேசலாம். தன் மகன் ஒரு வாரமாக அந்தப் பொய்யைத் தெரிந்துகொண்டே அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கோல்ஃப் பையின் சக்கரத்திலிருந்து காய்ந்த புல்லைக் கிள்ளி எடுத்தாள். எங்கே போடுவதென்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிச் சீட்டை எடுத்தாள்.

சர்ச்சில் சுருக்கமாகத்தான் முடித்தார்கள். மர்டோவுக்கு நீளமான பிரசங்கம் பிடிக்காது. கல்லறை ஊருக்கு மேலே மேட்டில், கடலைப் பார்த்தபடி இருந்தது. அன்று கடல் தகரத் தகடு போல அசையாமல் கிடந்தது, காற்று மட்டும் மேட்டில் இருந்தது. கறுப்பு டைகள் எல்லோர் தோளுக்கும் மேலே பறந்தன.

டல்கிளீஷ் சீட்டு வைத்திருப்பவர்களை எண் சொல்லிக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் வரிசைக்குக் கூப்பிடுவது போல எட்டுப் பேரும் போய் நின்றார்கள். ரோனா தலைமாட்டில். அவளுக்கு இடப்பக்கம் மூன்றாம் கயிற்றோடு வாட்டி. எட்டாம் கயிறு எல்ஸ்பெத்துக்கு. அது ஃபெர்கஸ் சொல்லி எழுதியது. அவன் நேர் எதிரே, கால்மாட்டில். பெட்டியின் நீளம் முழுவதும் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் இருந்தது.

"கையில ஒரு சுத்து சுத்திக்கோங்க," என்றார் டல்கிளீஷ். "பெட்டிக்கு அடியில இருக்கிற கட்டையை உருவினதும் எடை வரும். நான் சொல்ற வேகத்துக்கு விடுங்க. யாரும் அவசரப்பட வேண்டாம்."

எடை வந்தது. அவள் நினைத்ததைவிட அதிகமாக வந்தது. இரண்டு வருஷமாக அவரைத் தூக்கி உட்கார வைத்த கைகள் அவை, அவர் எடை அவற்றுக்குத் தெரியும். கடைசியில் அவர் ஒரு சிறு பிள்ளை அளவுக்குத்தான் இருந்தார். இந்த எடை மரத்தினுடையதாக இருக்கும். உள்ளங்கையில் கயிறு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவள் எதிரே பார்த்தாள். ஃபெர்கஸ் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விடுகிற அளவுக்கே அவனும் விட்டான். பெட்டி சாயாமல் இறங்கியது.

அடியில் தட்டியது. கயிறு தளர்ந்தது.

"விட்டுடலாம்," என்றார் டல்கிளீஷ், தாழ்ந்த குரலில்.

பக்கத்தில் இருந்த ஆறு பேரும் கயிற்றை விட்டார்கள். நுனியிலிருந்த குஞ்சங்கள் ஒவ்வொன்றாக மூடிமேல் போய் விழுந்தன. ரோனாவின் கையில் கயிறு இருந்தது. தொண்டைவரைக்கும் அந்த வார்த்தை வந்து நின்றது. முப்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. உள்ளே அவர் அந்தச் சாம்பல் நிறக் கால்சட்டையோடு, இடுப்பில் பின் குத்தி, படுத்திருந்தார். அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவளை எத்தனை என்று கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை. செங்காவைக்கூட எண்ணைச் சொல்லவிடாமல் அவளே தடுத்து வைத்திருந்தாள்.

அவள் குனிந்தாள்.

"எழுபத்தொன்பது," என்றாள்.

பக்கத்திலிருந்த வாட்டி காதை அவள் பக்கம் திருப்பினார். "என்ன சொன்னே?"

"உங்ககிட்ட இல்லை," என்றாள் ரோனா.

கயிற்றை விட்டாள். எதிரே ஃபெர்கஸ் தன் கயிற்றை அதுவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுடையது போய் விழுந்த பிறகு தன்னுடையதையும் விட்டான்.